தையல் பிரித்த பிறகும் வலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: முழங்கால் மூட்டு மாற்றி 6 வாரம் ஆகிறது. இரவில் வலியால் தூக்கமே இல்லை. இது நிரந்தரமாகிவிடுமா? (தஞ்சாவூர்)

ப: இது இன்னும் ஆறுகிற காலம். 3 மாதம் தாண்டியும் விடாத வலியைத்தான் நீடித்த வலி என்று கணக்கில் எடுப்போம். மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அப்படி நீடித்துவிடுகிறது; மற்றவர்களுக்கு அடங்கிவிடும். பயிற்சியை விடாதீர்கள். இரவு மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே போய்விடுங்கள்.

கே: ஆபரேஷன் ஆனது. வலிக்கிறது. நல்ல மாத்திரை எழுதவும்.

ப: என்ன அறுவை, எந்தத் தேதி, குத்துகிறதா எரிகிறதா, சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி? ஒன்றுமே எழுதாதவருக்கு நான் எதை எழுதுவது? கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தேதியோடு மறுபடி எழுதுங்கள்.

கே: சிந்தனை நெகிழ்வு குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் வலி நீடிக்கும் என்கிறார்களே? (கோவை)

ப: சிந்தனை நெகிழ்வு என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனம் சுலபமாகத் தாவுவது. 2014இல் பிரான்ஸில் வலி ஆய்வாளர் நதீன் அத்தால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு முக்கிய ஆதாரம். மூட்டு மாற்றோ மார்பகப் புற்று அறுவையோ செய்துகொள்ளவிருந்த சுமார் 190 பேருக்கு முன்கூட்டியே சில சோதனைகள் வைத்தார்கள். ஒன்றில், தாளில் சிதறிக் கிடக்கும் வட்டங்களை எண்ணும் எழுத்துமாக மாறிமாறிக் கோட்டால் இணைக்க வேண்டும். நம் எழுத்தில் சொன்னால் 1, அ, 2, ஆ என்று போகும். ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மனம் எவ்வளவு சுலபமாகத் தாவுகிறது என்பது இதில் தெரியும். இதில் தடுமாறியவர்களுக்கும், ஒரு சிக்கலான படத்தைப் பார்த்தும் நினைவிலிருந்தும் வரையத் திணறியவர்களுக்கும் 6 மாதம், 12 மாதம் கழித்து வலி அதிகம் இருந்தது. அச்சம், மனச்சோர்வு இவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் மாறாமல் இருந்தது. வலியிலிருந்து கவனத்தைப் பெயர்க்க முடியாமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரையும் மந்தபுத்தி என்று சொல்லாதீர்கள். இப்படிப்பட்டவரை அறுவைக்குப் பின் கூடுதலாகக் கவனியுங்கள் என்பதற்கான அடையாளம் அது.

கே: தினமும் சுடோகு போட்டால் தப்பிக்கலாமா?

ப: பிடித்தால் போடுங்கள். வலியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கே: அம்மாவுக்கு மார்பகப் புற்று அறுவை முடிந்து 8 மாதம். அக்குளிலிருந்து மேல்கை வரை எரிகிறது என்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, எல்லாம் மனதில்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பிரமையா? (மதுரை)

ப: பிரமை இல்லை, தாயே. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது குறுக்கே ஓடும் மெல்லிய நரம்பு ஒன்று இழுபடும், சில சமயம் அறுபடும். மேல்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தருவது அதுதான். அந்தச் சேதம் சாதாரண ஸ்கேனில் தெரியாது, தொட்டால் தெரியும். பஞ்சை மெல்ல இழுத்துப் பாருங்கள், ஓரிடம் மரத்திருக்கும், அரை அங்குலம் தள்ளித் தீப்பட்டதுபோல் துள்ளுவார். என்னிடம் வந்த ஓர் அம்மா ரவிக்கையின் ஒரு கையை மட்டும் வெட்டிவிட்டு, மேலே துண்டு போர்த்தி வந்தார். துணியின் ஓரம் உரசுவதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. அதுவரை மூன்று பேர் அவருடைய ஸ்கேனைப் பார்த்திருந்தார்கள், கையைத் தொட்டவர் ஒருவரும் இல்லை.

"எல்லாம் மனதில்தான்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மனம் வலியைக் கூட்டும், குறைக்கும். அதனால் அந்த வலி பொய்யாகிவிடுமா? அச்சத்தையும் சிந்தனை நெகிழ்வையும் நாங்கள் அளப்பது யாருக்கு முன்கூட்டியே துணை தேவை என்று அறியத்தான். அதையே காரணம் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்புவது அநியாயம். அம்மாவை வலி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அந்தச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள், நரம்பு வலி மருந்துகளில் ஒன்றான டுலாக்செட்டின் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். எதையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

கே: சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் 10 வருடமாக இடுப்பு வலியா?

ப: இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். வேறு காரணம் தேடுங்கள்.

கே: அப்பாவுக்கு அடுத்த வாரம் குடலிறக்க அறுவை. வலியை நினைத்து இப்போதே பயப்படுகிறார். (நாகர்கோவில்)

ப: இந்த அறுவையில் பத்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது. அறுவைக்கு முன்பே வலி இருந்ததா, எத்தனை நாளாக, என்னென்ன மாத்திரை, இரவில் தூங்குகிறாரா, எவ்வளவு பயம் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க விடாதீர்கள். ஆரம்பத்தில் கடுமையாக வலித்தவர்களுக்குத்தான் பிறகும் அதிகம் நீடிக்கிறது. முதல் இரவு வலி கூடினால் வார்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.