தனியாக மேடையில் நின்று சிரிக்க வைத்து, பிறகு நடிகரானவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

பலர் சிவகார்த்திகேயன் பெயரை எழுதுவீர்கள். எழுத வேண்டியதுதான். விஜய் டிவியின் ‘கலக்கப்போவது யாரு’ மேடையில் மற்றவர்களின் குரலில் பேசிச் சிரிக்க வைத்தவர், தொகுப்பாளராகி, 2012இல் திரைக்கு வந்து, இன்று தன் பெயருக்கே கூட்டம் சேர்க்கிறார். அது சின்ன விஷயமில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைப் பெடியள் அவர் படம் வந்தால் முதல் நாளே போய்விடுவார்கள், சில நேரம் நானும் போவேன்.

ஆனால் என் ஆள் கே. எஸ். பாலச்சந்திரன். 1944இல் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தவர், 2014 பெப்ரவரியில் ரொறன்ரோவில் காலமானார். இங்கே நாற்பது வயது தாண்டிய ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். ‘அண்ணை றைற்’ என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: ‘அண்ணை றைற்’ என்பது பஸ் கொண்டக்டர் ட்ரைவருக்குக் கொடுக்கும் குரல். எல்லோரும் ஏறியாயிற்று, எடுக்கலாம் என்று அர்த்தம். அதையே தலைப்பாக வைத்து அவர் செய்தது ஒரு தனிநடிப்பு. மேடையில் ஒரே ஒரு மனிதர். பஸ் இல்லை, சனம் இல்லை, ரிக்கற் இல்லை. அவர் கொண்டக்டராக நின்று கதைக்கக் கதைக்க, நிரம்பி வழியும் ஒரு யாழ்ப்பாணத்து பஸ் நம் கண் முன்னால் வரும். ஸ்டாண்ட்-அப் என்ற சொல் எங்கள் காதில் விழுவதற்குப் பல வருடங்களுக்கு முந்திய கதை இது. கோயில் திருவிழா மேடைகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பகிடி விடுவது எங்களுக்குப் பழக்கமானதுதான். அவர் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு முழு மனிதனைக் கொண்டுவந்து வைத்தார். பகிடிகளை அடுக்கிக்கொண்டு போகாமல், ஒரு ஆளாகவே மாறி நின்றார். அதனால்தான் அவர் நகைச்சுவைக்காரராயிருந்து நடிகரானவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம். மேடையில் தனியாக நின்ற அன்றைக்கே அவர் நடிகர்.

எனக்கு இது இவ்வளவு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை 750இல் பல வருடங்கள் ஓடியவர். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அவருடைய கையில் சில்லறைக் காசின் மணம் இருக்கும். சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. விளக்கு வெளிச்சத்தில் சில்லறையை அடுக்கி அடுக்கி எண்ணுவார். குறைந்தால் சொந்தக் காசைப் போட வேண்டும்.

ஆறாம் வகுப்பில் நான் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இது தெரிந்த நாளிலிருந்து, நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து (கடைசி பெஞ்சிலிருந்து) “அண்ணை றைற்!” என்று ஒரு சத்தம் வரும். முழு வகுப்பும் சிரிக்கும். ஒரு ஆசிரியரும் கூடச் சிரித்தார். அப்பாவின் வேலை என்ன என்று படிவத்தில் கேட்டபோது ‘அரச ஊழியர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பொய்யில்லை, ஆனால் எழுதும்போது நெஞ்சு சுட்டது.

அந்த நாட்களில் எனக்கு ‘அண்ணை றைற்’ கசற் (ஒலிநாடா) என்றாலே வெறுப்பு. முழுதாகக் கேட்காமலே வெறுத்தேன்.

கேட்டது 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி உள்ளே வரத் தடை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். அந்தக் காலத்தில் இங்கு வாழ்ந்த எல்லோருக்கும் இது தெரியும். ஒரு நாள் இரவு மாமா அந்தக் கசற்றைக் கொண்டுவந்தார். சுற்றும் முறை என்னுடையது. எனக்கோ மனமில்லை. மெதுவாகச் சுற்றினால் குரல் இழுபட்டு, பேய் கதைக்கிற மாதிரி வரும். வேகமாகச் சுற்றினால் கீச்சென்று போகும். சரியான வேகத்தில் வைத்தால்தான் அவருடைய குரல். முதலில் வேண்டுமென்றே இழுக்க விட்டேன். அப்பா திண்ணையிலிருந்து, “தம்பி, ஒழுங்காச் சுத்து. அந்த மனுசன்ரை கதை கெடுது” என்றார்.

ஒழுங்காகச் சுற்றத் தொடங்கினேன். சுற்றுகிறவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. என் கை நிற்காமல் போய்க்கொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்தில் அப்பாவைப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர். “இந்த மனுசன் எத்தினை நாள் எங்கடை பஸ்ஸிலை புட்போட்டிலை நிண்டு பாத்திருக்க வேணும்!” என்று அம்மாவைப் பார்த்துச் சொல்கிறார். வகுப்பில் என்னைக் குத்திய அதே இரண்டு சொற்கள்தான். என் அப்பாவுக்கோ தன்னை யாரோ உற்றுப் பார்த்து, ரசித்து, மேடையில் ஏற்றிவிட்டார்கள் என்ற பெருமை.

எங்கள் தமிழில் பகிடி வேறு, நக்கல் வேறு. நக்கலில் ஒருவர் மேலே நிற்பார், மற்றவர் கீழே. பகிடியில் எல்லோரும் ஒரே வாங்கில் இருப்போம். பின்வாங்குப் பெடியள் செய்தது நக்கல். பாலச்சந்திரன் செய்தது பகிடி. அவருடைய கொண்டக்டர் சத்தம் போடுவார், அலுத்துக்கொள்வார், எரிந்து விழுவார். ஆனாலும் அவரைப் பார்த்துச் சிரிக்கும் நீங்கள் அவரோடு அந்த நெரிசலுக்குள்தான் நிற்பீர்கள்.

தொழில் நுட்பமாகவும் அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது மேடையேறும் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை. தனிநடிப்பில் மற்ற ஆளின் வசனம் கிடையாது. அந்த ஆளுக்காக விடும் இடைவெளிதான் அந்த ஆள். அவருடைய வரிகளை இங்கே எடுத்து எழுதுவது சரியில்லை. அப்பாவின் பஸ்ஸில் நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். புத்தூரில் ஒரு ஆச்சி கடகத்தோடு ஏறுகிறா. அப்பாவின் பக்கத்தை மட்டும் கேளுங்கள்:

“ஏறணை ஆச்சி, ஏறு... கடகத்தை உள்ளுக்கை தள்ளணை... ஓமணை, நெல்லியடி போகும்... என்னது?... அரை ரிக்கற்றோ? ஆருக்கணை அரை ரிக்கற்?... கோழிக்கோ!”

ஆச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அவ ஏறிவிட்டா, கோழியும் ஏறிவிட்டது. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு அரைக்கணம் குறைந்தால் ஆச்சி காணாமல் போய்விடுவா, கூடினால் சனம் இருமத் தொடங்கும். பாலச்சந்திரனுக்கு இந்த அளவு கைவந்திருந்தது. கசற்றில் அவருடைய முகமும் இல்லை, கையும் இல்லை, வெறும் குரல். அதில் பஸ் முழுக்க ஆட்கள்.

இந்தக் கைத்திறன்தான் அவரை வானொலிக்குப் பொருத்தமானவராக ஆக்கியது என்று நினைக்கிறேன். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடரில் அவர் சோமு. அது பகிடி நாடகமே இல்லை. எங்கள் வீட்டுக் கஷ்டங்களைக் கொண்ட கதை, அம்மாவின் தலைமுறை அதைக் கேட்டு அழுதது. ஊரைச் சிரிக்க வைத்த குரலே ஊரை அழவும் வைத்தது. பிறகு அவரே எழுதிய ‘வாத்தியார் வீட்டில்’ வந்தது. அதில் வருவது யாழ்ப்பாணத்து வீடொன்றின் அன்றாடம்.

அந்தக் காலத்து வானொலியில் இன்னொரு அணியையும் மறக்கக் கூடாது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ குழுவினர். மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீட், அப்புக்குட்டி ராஜகோபால். ஆளுக்கொரு வட்டாரத் தமிழ் பேசுவார்கள். அப்புக்குட்டியுடையது எங்கள் யாழ்ப்பாணத் தமிழ். 1976இல் அவர்கள் ‘கோமாளிகள்’ என்ற பெயரில் படத்துக்கும் போனார்கள். பாத்திரத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. பாலச்சந்திரனும் ‘அண்ணை றைற் பாலச்சந்திரன்’ ஆனது அப்படித்தான்.

திரையில் அவருடைய பெயரைச் சொன்னால் நான் முதலில் நினைப்பது 1978இல் வந்த ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவல், கடல் தொழிலாளர் கதை. அப்போது இலங்கைத் தமிழ்ப் படங்கள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த நேரம். இந்தியப் படங்களோடு போட்டி போட முடியாமல் மூச்சுத் திணறினாலும், எங்கள் கதையை எங்கள் தமிழில் எடுக்கலாம் என்ற துணிவு பிறந்திருந்தது. அது வளர விடப்படவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, படத் தொழிலில் இருந்தவர்களின் ஸ்டூடியோவும் படச்சுருள்களும் எரிந்தன. அதற்குப் பிறகு இங்கே தமிழ்ப் படம் எடுப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து ராணி, மனோகரா, வின்சர் தியேட்டர்கள் எல்லாம் ஒரு காலத்தில் எப்படி இருந்தவை என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். சென்னையில் ஒரு மேடைக் கலைஞனுக்குத் தொலைக்காட்சி இருக்கிறது, அதற்கு அடுத்த படியாகச் சினிமா இருக்கிறது. திறமையும் உழைப்பும் இருந்தால் ஏறலாம், சிவகார்த்திகேயன் ஏறிக் காட்டினார். எங்கள் ஆள் ஏறவேண்டிய படியை நெருப்பு தின்றுவிட்டது. அவர் சோரவில்லை. கனடாவுக்குப் போன பிறகும் நாடகம், வானொலி, அங்கே நம்மவர் எடுத்த படங்கள் என்று நடித்துக்கொண்டே இருந்தார். ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்று ஒரு நாவலும் எழுதினார். கடற்கரை மக்களைப் பற்றியது. ‘வாடைக்காற்று’ நாட்களில் பிடித்த கடல் அவரை விடவில்லை என்று எனக்குத் தோன்றும், அது என் ஊகம்தான். பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு ஒருவர் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

இந்தியத் திரையில் எங்கள் தமிழ் வரும்போது பெரும்பாலும் அழுவதற்காக வரும், இல்லாவிட்டால் பிழையான உச்சரிப்பில் வரும். எங்கள் தமிழில் கோபம், குசும்பு, அலுப்பு, பாசம் எல்லாம் இருக்கிறது என்பதை ஒரு கொண்டக்டரின் வாயால் காட்டியவர் பாலச்சந்திரன். இப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் யூடியூப்பில் ஊர்த் தமிழிலேயே நகைச்சுவை செய்கிறார்கள், லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் கொஞ்சம் நோகும்.

2014இல் அவர் இறந்த செய்தி வந்தபோது அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். காது மந்தமாகிவிட்டிருந்தது. அன்று இரவு போனில் ‘அண்ணை றைற்’றைத் தேடிப் பிடித்து, அவருடைய காதுக்குக் கிட்டப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் அவருடைய வலது கை தானாக மேலே போனது. பஸ்ஸில் மணிக் கயிறு இருக்கும் உயரத்துக்கு.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒருக்கா அடிச்சால் நில், ரண்டு தரம் அடிச்சால் போ. ஆனா மணியை விட வாய்தான் வேலை செய்யும் தம்பி” என்றார். அப்படியே தன் பஸ் கதையைத் தொடங்கிவிட்டார். வல்லை வெளிக் காற்றில் பறந்துபோன ரிக்கற் புத்தகம், பாதி வழியில் வலி வந்த பிள்ளைத்தாச்சி, காசு இல்லாமல் ஏறி அடுத்த கிழமை தேடிவந்து கொடுத்த வாத்தியார். புத்தூர் ஆச்சியும் வந்தா. நான் போனில் ரெக்கோட் பண்ணினேன், நாற்பது நிமிடம் இருக்கிறது. அதில் ஆச்சி கதைக்க வேண்டிய இடங்களில் அப்பா சரியாக நிறுத்தி, அவ சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறார்.