2147483647: கேட்டதும் சொன்னதும்

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? என்ன விசேஷம்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். இரும முறையில் எழுதினால் வெறும் 31 ஒன்றுகள். முக்கியமாக, இது ஒரு பகா எண்.

பகா எண் என்று கணினி இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் சார்?

கணிதமேதை ஆய்லர் செய்த வேலை. 1772-இல் வெளியான அவருடைய கடிதத்தில் இது இருக்கிறது. அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்டப் போயிருந்தது.

வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அதுவே மலைப்பான வேலை. 31 பகா எண் என்பதால், நம் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அதோடு, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இரண்டையும் சேருங்கள்: 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63. அப்படிப்பட்டவை 46340-க்குள் 373 தான். அதில் முதலாவதான 63-ஐ ஒதுக்கினால் மீதம் 372. எதுவும் சரியாக வகுக்கவில்லை, முடிந்தது கதை. பெரிய எண்ணை வகுத்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை; எதையெல்லாம் வகுக்கவே வேண்டாம் என்று கண்டாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

செவ்விய எண்ணோடு ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை அதே எண்; அப்படிப்பட்டதுதான் செவ்விய எண். 1811-இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் தேடப்போவதில்லை என்றே எழுதினார். பாவம் மனுஷன்! 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர்; ஒவ்வொன்றும் இப்படி ஒரு செவ்விய எண்ணைத் தரும். 2024-இல் கிடைத்த மெர்சென் பகா எண்ணுக்கு மட்டும் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள்.

நான் விளையாடும் கேமில் காசு இந்த எண்ணுக்கு மேல் ஏறவில்லை, அண்ணா.

பல நிரல்கள் ஓர் எண்ணை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், வைக்கும். அதில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மீதி 31. அதில் அடங்கும் உச்சம் இதுதான் தம்பி. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்காக யூடியூப் பார்வைகளின் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்ததும் இதனால்தான்.

2038-இல் கணினிகள் குழம்பும் என்கிறார்களே?

1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகள் குழம்பலாம். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07-க்கு இந்த எண் வரும். அடுத்த நொடி 1901-க்குத் தாவும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்குப் பிரச்சினை இல்லை.

2-இல் தொடங்கி, வரும் எண்ணை 2-இன் அடுக்கில் போட்டு ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் 3, 7, 127 என்று பகா எண் வருகிறது. 5-இல் தொடங்கினால் 31, அப்புறம் 2147483647. அதையும் அடுக்கில் போட்டால்?

நல்ல கேள்வி, ஆனால் அங்கே சங்கிலி அறுந்துவிடுகிறது. 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கும்.