புதிய டேப்பைப் பக்கத்திலேயே திறக்க வைக்க முடியுமா?

பிரவுசரில் கண்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தினால் புதிய டேப் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, பக்கத்திலேயே வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தக்கலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். இந்தத் தொல்லை தினமும் உண்டு. ஒருவருக்குப் பட்டா, அடுத்தவருக்கு வருமானச் சான்று என்று இருபது டேப் திறந்து கிடக்கும்போது கடைசிக்குப் போய்த் திரும்புவதற்குள் எந்த டேப்பில் இருந்தோம் என்பதே மறந்துவிடும்.

இது கோளாறு இல்லை. ஒரு வலைப்பக்கத்தில் உள்ள லிங்க்கைப் புதிய டேப்பில் திறந்தால், அது அந்தப் பக்கத்தின் தொடர்ச்சி என்று கருதி பிரவுசர் அதை அருகில் வைக்கிறது. வெறும் டேப் என்றால் புது வேலை என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளுகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் மாற்றலாம். முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' (about:config) அடியுங்கள். ஓர் எச்சரிக்கை வரும், பயப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் 'பிரவுசர்.டேப்ஸ்.இன்சர்ட்ஆஃப்டர்கரண்ட்' என்று (ஆங்கில எழுத்தில்தான், இடைவெளி விடாமல்: browser.tabs.insertAfterCurrent) தேடி, ஃபால்ஸை ட்ரூ ஆக்கினால் போதும்.

குரோமில் கண்ட்ரோல்-டியின் இடத்தை மாற்ற செட்டிங்ஸில் வழி இல்லை. இருக்கும் டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால், வலப்பக்கம் புதிய டேப் திறக்கும் வசதி முதலிலேயே இருக்கும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.