கடைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகங்கள்

(மதுரையில் புத்தகக் கடை நடத்துபவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

இத்தனை வருடமாகப் புத்தகம் விற்கிறீர்கள். நாவலில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால்?
– மேலூர் வாசகர்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. யோசிக்கவே மாட்டேன். சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதிலேயே இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், போர் முடிந்து திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாளாகவே வாழ்ந்தவர் எழுதியது, 1972-இல் வந்தது. முதல் தடவை நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன், மலாய்ச் சொல், தெருப் பெயர், செட்டிமார் கடைப் பேச்சு எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. சில வருடம் கழித்து, மழையில் கடைக்கு ஆளே வராத ஒரு நாள் திரும்ப எடுத்தேன். புரியாத சொல்லுக்கு நிற்காமல் போனேன், அப்புறம் கீழே வைக்க முடியவில்லை. கடல் தாண்டிய கதாநாயகன் பாண்டியன் அங்கிருந்து மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும் இடம் வரும். நான் தினம் சைக்கிளில் போகிற தெருக்கள்! ஒரு மனிதன் இவற்றுக்கு இப்படி ஏங்கியிருக்கிறானே என்று தொண்டை அடைத்தது.

பழைய இலக்கியம் படிப்பதுண்டா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

உண்டும்மா. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. 782 அடி, நல்ல உரையோடு வாங்கு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இரவு வரும் பகுதியிலிருந்து தொடங்கு. தேனடை போல மெத்தென்ற அடையும் மோதகமும் விற்றுக் களைத்த கூவியர், அதாவது அப்ப வியாபாரிகள், உட்கார்ந்தபடியே உறங்குகிறார்கள் என்று வருகிறது. கடை அடைத்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகும்போது, தள்ளுவண்டியில் சாய்ந்து கண்ணயர்ந்த இட்லிக்கார அக்காவைப் பார்த்தால் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

துப்பறியும் கதை?
– திருமங்கலம் வாசகர்

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. ராத்திரி தனியாகப் படியுங்கள்.

கட்டுரை, ஆய்வு என்றாலே எனக்குத் தூக்கம் வருகிறது. விதிவிலக்கு உண்டா?
– வாசகி, வாடிப்பட்டி

தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்'. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த முனைவர் பட்ட ஆய்வு, 1989-இல் புத்தகமானது. ஆய்வேடு என்றால் அட்டவணையும் அடிக்குறிப்பும்தானே என்று நானும் பல நாள் தொடவில்லை, அது என் தப்பு. அழகர் ஏன் கள்ளர் வேடம் போட்டு வருகிறார், சுற்றியிருக்கும் ஒவ்வொரு சாதியாருக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து சித்திரை மாதம் ஆற்றுக்குள் நின்று சாமி பார்த்தவன் நான், இதைப் படித்தபிறகு சாமியை விடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், எந்த மண்டகப்படியில் யார் முன்னால் வருகிறார்கள் என்று.

அப்பாவுக்கு எழுபது வயது, பேப்பர் தவிர எதுவும் படிக்க மாட்டார். என்ன வாங்கித் தரலாம்?
– வாசகர், அலங்காநல்லூர்

அந்த ஊர்க்காரருக்கு இதில் சந்தேகமே வேண்டாம் தம்பி, சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. சின்னப் புத்தகம், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஜல்லிக்கட்டில் தன் அப்பனைக் குத்திய காரிக் காளையைத் தேடி வரும் பிச்சியின் கதை. மாடு திட்டிவாசலில், அதாவது களத்துக்குள் பாயும் வாசலில், வந்து நிற்கும் இடம் வரைக்கும் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், மீதியை அவரே வாங்கிப் படித்துக்கொள்வார்.