அமெரிக்க ஃபுட்பாலில் பந்து பறக்க ஆரம்பித்த கதை: கேள்வி பதில்

பயிற்சியாளர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பந்தை முன்பக்கம் எறிவது ஆரம்பத்திலிருந்தே உண்டா சார்?

இல்லை. 1906-ல்தான் அனுமதித்தார்கள். கூட்டமாக முட்டி மோதி மாணவர்கள் செத்ததால் வந்த விதி அது. முந்தைய ஆண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். ஆனால் எறிந்த பந்தை யாரும் தொடாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அப்புறம் யார் எறிவார்கள்? செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எடி கோசெம்ஸ் துணிந்தார். அவருடைய அணியின் முதல் பாஸே (முன்பக்க எறிதல்) தரையில்தான் விழுந்தது!

கேள்வி: பில் வால்ஷ், பில் வால்ஷ் என்கிறார்களே, அப்படி என்ன செய்தார்?

கையில் இருந்ததை வைத்துச் சமைத்தார். 1969-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியில் அவர் உதவிப் பயிற்சியாளர். கிரெக் குக் என்ற புது குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), பீரங்கி மாதிரி கை. அந்த ஆண்டே தோள் போய்விட்டது. அடுத்து ஆடிய விர்ஜில் கார்ட்டருக்கு நீளமாக எறியும் பலம் இல்லை, ஆனால் குறி தப்பாது.

சரி, தூரம் வேண்டாம், மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்தார் வால்ஷ். ஐந்தாறு யார்டு பாஸ் போடு, மிச்சத்தை வாங்கியவன் ஓடி எடுக்கட்டும். குவார்ட்டர்பேக் பின்னால் வைக்கும் அடிகளையும் ரிசீவர் (பாஸை வாங்குபவர்) ஓடும் பாதையையும் சேர்த்துக் கோத்தார். மூன்றாவது அடியோ ஐந்தாவது அடியோ, கடைசிக் கால் ஊன்றியதும் பந்து கையை விட்டுப் போக வேண்டும். 1971-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லிலேயே, எறிந்ததில் அதிக சதவீதம் பாஸை ரிசீவர் கையில் சேர்த்தவர் அந்தக் கார்ட்டர்தான். பின்னால் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவை வைத்து வால்ஷ் மூன்று சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) ஜெயித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

கேள்வி: அவருக்கு முன்னால் யாருமே இல்லையா அண்ணா?

ஏன் இல்லை? பாஸ் ஆட்டத்தை வளர்த்த பயிற்சியாளர் சிட் கில்மன். அப்பாவின் சினிமா தியேட்டரில் செய்திப்படங்களிலிருந்து ஃபுட்பால் காட்சிகளை வெட்டி எடுத்து வைத்துப் பார்த்த ஆள். டான் கோரியெல் அப்படிப்பட்ட இன்னொரு பயிற்சியாளர். அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 2023-ல்தான் கிடைத்தது, அதுவும் இறந்து பல ஆண்டு கழித்து. என்னைக் கேட்டால் அநியாயம்.

கேள்வி: பயிற்சியாளர்கள்தான் காரணமா, விதிகள் இல்லையா?

விதிக்கும் பெரிய பங்கு உண்டு. 1978-ல், ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்றார்கள். லைன்மேன் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்) கையை நீட்டித் தடுக்கலாம் என்றார்கள். பாஸ் ஆட்டத்தை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவர்களுக்கு அது லாட்டரி.

கேள்வி: ஏர் ரெய்டு என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஹால் மம்மி, மைக் லீச் என்ற பயிற்சியாளர்கள் 1989-ல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் கட்டிய பாஸ் ஆட்ட முறை. முந்தைய ஆண்டு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அது. பிளே (முன்பே திட்டமிட்ட ஆட்ட நகர்வு) குறைவு, அதையே நூறு தடவை பயிற்சி செய்வார்கள். ‘மெஷ்’ என்று ஒன்று: இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடி, கையைத் தட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் கடப்பார்கள். துரத்தும் எதிரணிக் காவலர்கள் ஒருவர்மீது ஒருவர் மோதித் தடுமாற, யாராவது ஒருவன் தனியாக நிற்பான்.

இது வசதியில்லாதவர்களின் ஆட்டம். பெரிய கல்லூரிகள் பெரிய உடம்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டால் மற்றவர்கள் வேறு என்ன செய்வது?

கேள்வி: நட்சத்திர குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் யாருடைய வழி? லீச்சா, வால்ஷா?

இரண்டும். கல்லூரியில் அவருடைய பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரி, லீச்சிடம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். என்.எஃப்.எல்லில் கன்சாஸ் சிட்டி அணியில் அவருக்குப் பயிற்சியாளரான ஆண்டி ரீட், வால்ஷின் சீடர் மைக் ஹோம்கிரனிடம் வேலை பார்த்தவர். இதில் வேடிக்கை, ரீட் லைன்மேனாக ஆடியது லாவெல் எட்வர்ட்ஸ் பயிற்சியாளராக இருந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில். மம்மி தன் பிளேக்களில் பலவற்றை எடுத்ததும் அங்கிருந்துதான். லீச் பட்டம் வாங்கியதும் அங்கேதான், ஆனால் கல்லூரி அணியில் ஒரு நாளும் ஆடவில்லை.