சிவப்பு வயர், கறுப்பு வயர்

அன்பின் ஐயா,

அம்மா சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த ஸ்டீரியோ அம்ப்ளிஃபயர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பக்கத்துக்கு 30 வாட்ஸ். பழைய சினிமாப் பாட்டும் நாதஸ்வரமும்தான் அதிகம் கேட்பேன். போன வருடம் வீடு மாறியதிலிருந்து பாட்டில் கனமே இல்லை. வொலியூமைத் திருகினால் கரகரக்கிறது. 100 வாட்ஸுக்கு மாறச் சொல்கிறான் கொழும்பு நண்பன். சீட்டுக் காசு ஒன்றரை இலட்சம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?

எஸ்., கொட்டகலை

அன்பின் தம்பி,

இப்போதைக்கு வேண்டாம்.

எனக்கும் ஒரு காலத்தில் இதே குறைதான். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அந்தக் கனத்த நாதம் தரும் பக்கம், காதில் விழவே இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பெரிய அம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே இரவு ரயிலில் பண்டாரவளைக்கு வந்தேன். பழையதைப் பக்கத்து லயத்துப் பையனிடம் கொடுத்தாயிற்று. புதியதிலும் தொப்பி பேசவில்லை. தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது ஸ்பீக்கரைத் திருப்பினேன். ஒன்றில் சிவப்பில் பூட்ட வேண்டிய வயர் கறுப்பில் இருந்தது. அப்படி இருந்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ்ச்சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றிப் பூட்ட இரண்டு நிமிடம் ஆனது. அந்தப் பையன் இன்னமும் என் பழைய செட்டில்தான் பாட்டுக் கேட்கிறான், எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வீடு மாறியதிலிருந்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த வயர்தான் ஞாபகம் வந்தது. முதலில் அதைப் பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டி நகர்த்திக் கேளுங்கள். சுவர் நெருங்க நெருங்க அடித்தொனி ஏறும், மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். அளவு மீறினால் குடத்துக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். அரை அடி, ஒரு அடி என்று நகர்த்தி நகர்த்தித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

கரகரப்பு வேறு விஷயம். திருகும்போது மட்டும் வந்தால் வொலியூம் குமிழுக்குள் அழுக்கு. நம் பக்கத்து ஈரத்துக்கு அது சகஜம். கொன்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தமாக்கும் ஸ்ப்ரே) அடித்தால் போய்விடும். திருகாதபோதும் ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால், செட்டை நிறுத்திவிட்டு, அம்ப்ளிஃபயரின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் பூட்டுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு செட்டில் அல்லது அதற்குள் போகும் வயரில். தாவாவிட்டால் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் வளையத்தைத்தான் மாற்ற வேண்டும், அம்ப்ளிஃபயரை அல்ல.

சவூதியில் அந்த நாளில் 127 வோல்ட் கரண்ட்டும் இருந்தது. அங்கிருந்து வந்த செட்டுகளின் பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கலாம். இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். நம் கரண்ட் 230. தூசி துடைக்கிறேன் என்று யாராவது அதைத் திருப்பி வைத்தால் அம்மாவின் செட் புகைந்துவிடும்.

இனி நண்பரின் 100 வாட்ஸ். 30இலிருந்து 100க்குப் போனால் கூடுவது ஏறத்தாழ 5 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும், அதாவது 300. சாதாரணமாக வீட்டில் கிடைக்கும் ஸ்பீக்கர் ஒரு வாட்ஸுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் அளவில் ஒலிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது பேச்சுக் குரலை அமுக்கிவிடும். ஆக நீங்கள் பெரும்பாலும் ஒரு வாட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் கேட்கிறீர்கள். மிச்சம் எதற்கு? காமன் கூத்தில் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி ஒரு போடு போடுவார்களே, அந்த ஒரு கணத்துக்கு. தவில் அடியும் அப்படித்தான், சராசரியைவிடப் பத்து மடங்கு வாட்ஸ் கேட்கும். 30 வாட்ஸ் அதற்குத் தாங்கும்.

தாங்காத இடமும் உண்டு. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் 87க்குப் பதில் 82 என்று போட்டிருந்தால் அதே சத்தத்துக்கு மூன்று மடங்கு வாட்ஸ் வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் (செட்டிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும் வகை) என்றால் செட்டின் பின்னால் 4 ஓம் அனுமதி இருக்கிறதா பாருங்கள். அந்த இரண்டு இடத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் வாங்குமுன் உங்கள் நாதஸ்வரத்தைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா செட்டும் நல்ல செட்தான்.

கூரை என்னவென்று எழுதவில்லை. வைகாசி பிறந்து கொட்டகலையில் மழை பிடித்தால் தகரத்துக்குக் கீழே 100 வாட்ஸும் எடுபடாது. தகரம் என்றால் சீட்டுக் காசில் முதலில் சீலிங் அடியுங்கள். வெற்றுச் சுவரில் பழைய கம்பளி ஒன்றையும் தொங்கவிடுங்கள். அப்புறமும் காசு மிஞ்சினால் எழுதுங்கள், எந்த ஸ்பீக்கர் என்று பார்ப்போம்.