15 வருடப் பழைய இன்டர்காம் பெட்டி அடிக்கடி மக்கர் செய்கிறது. பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

கேட்டவருக்குத் திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. 3 வெளி லைன், 16 எக்ஸ்டென்ஷன் (டேபிள் போன்) உள்ள இபிஏபிஎக்ஸ், அதாவது வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களோடு இணைக்கும் பெட்டி. பேசும்போது கரகரப்பு, சில டேபிளில் டயல் டோன் இல்லை, வெளியிலிருந்து கூப்பிட்டவர் பாதியில் வைத்துவிட்டாலும் அந்த லைன் பிஸியாகவே நிற்கிறது. பார்க்க வந்தவர், பெட்டியையே மாற்றச் சொல்லிவிட்டாராம்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கோவை, திருப்பூர் பக்கம் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெட்டியை மாற்றினாலும் அதில் இரண்டு அப்படியே இருக்கும். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஒரு சிறு கம்பெனிக்கு அது லேசான செலவு இல்லை.

கரகரப்பை முதலில் பாருங்கள். வெளி லைனைப் பெட்டியிலிருந்து கழற்றி, சாதாரண போன் ஒன்றை நேரடியாக மாட்டிப் பேசுங்கள். அதிலும் இரைச்சல் கேட்டால் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால், போன் வைத்திருக்கும்போது லைனில் 48 வோல்ட் அளவில் டிசி காட்ட வேண்டும். எடுத்தால் 10 வோல்ட்டை ஒட்டி இறங்க வேண்டும். மணி அடிக்கும்போது மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். அப்போது 75 வோல்ட், அதற்கு மேலும் ஏசி ஓடும்.

டயல் டோன் வராத டேபிளுக்கு அதைவிட எளிய சோதனை. எல்லா போன் ஒயர்களும் வந்து சேரும் க்ரோன் பாக்ஸில் அந்த எக்ஸ்டென்ஷனின் ஜம்பரை (இணைப்பு ஒயர்) எடுத்து, பெட்டியில் நன்றாக வேலை செய்யும் வேறொரு போர்ட்டில் போடுங்கள். கோளாறு டேபிளோடு போனால் ஒயர் அல்லது போன், போர்ட்டிலேயே நின்றால் பெட்டிக்குள் அந்த போர்ட் இருக்கும் கார்டு. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் ஒயர்தான். அயர்னிங் பிரிவில் நீராவியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து போன் மாட்டும் ரோசெட் பாக்ஸுக்குள் ஈரப் படலமாகப் படிந்து, ஸ்க்ரூவில் பச்சை பூத்துவிடும். எறும்பும் பல்லியும் வேறு குடியிருக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளை வெட்டிவிட்டு ஈரம் புகாத ஜெல்லி கனெக்டர் போடுங்கள். போன் ஒயரையும் 230 வோல்ட் ஒயரையும் ஒரே பைப்பில் இழுத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பல ஆபீஸ்களில் ஹம்மிங் அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, லைன் பிஸியாகவே நிற்பதுதான் உண்மையில் சிக்கலானது. உங்கள் லைன் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறிவிட்டதா? மாறியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவே. எதிர்முனை போனை வைத்ததை பெட்டி தானாக அறியாது. லைனின் பிளஸ், மைனஸ் முனை மாறியதை வைத்தோ, கரண்ட் ஒரு கணம் அறுந்ததை வைத்தோ, பிஸி டோனைக் கேட்டோதான் அறியும். பழைய எக்ஸ்சேஞ்ச் தந்த அடையாளத்துக்கு ஏற்றபடி அன்று செட்டிங் போட்டிருப்பார்கள். இப்போது அந்த லைனைத் தருவது சுவரில் இருக்கும் ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து முடியும் சின்னப் பெட்டி. முனை மாற்றும் வசதி அதில் அணைக்கப்பட்டிருக்கலாம், பிஸி டோனின் விட்டு விட்டு வரும் தாளமும் வேறாக இருக்கலாம். எக்ஸ்டென்ஷனில் ஆள் பேசி வைத்தால் பிரச்சினை தெரியாது. வரவேற்புக் குரல் ஓடும்போதே கூப்பிட்டவர் வைத்துவிட்டாலோ, முதலாளியின் செல்போனுக்கு டைவர்ட் போட்டிருந்தாலோதான் மாட்டிக்கொள்ளும். டைவர்ட்டில் இரண்டு பக்கமும் வைத்த பிறகும் இரண்டு லைன்கள் பிடிபட்டே நிற்கும்.

ஆகவே பெட்டியின் புரோகிராமில் பிஸி டோன் கண்டறிதலை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு வெளி லைனில் வந்ததை இன்னொரு வெளி லைனுக்கே மாற்றும் (டிரங்க் டு டிரங்க்) அழைப்புக்கு நேர வரம்பும் வையுங்கள். ஃபைபர் கொடுத்தவரிடம் ஓஎன்டியில் போலாரிட்டி ரிவர்சலை (மேலே சொன்ன முனை மாற்றும் வசதி) போட்டுத் தரக் கேளுங்கள். காலர் ஐடி வராமல் போயிருந்தால் நம்பரை அனுப்பும் முறை டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே இரண்டில் எது என்ற செட்டிங்கைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: செம்புக் கம்பிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, ஃபைபருக்கு வராது. பெட்டிக்கு பேட்டரி இருந்தும் கரண்ட் போனால் வெளி லைன் செத்துவிடும். ஓஎன்டியையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

பெட்டியே கெட்டதற்கான அடையாளங்கள் வேறு. எல்லா எக்ஸ்டென்ஷனிலும் ஒரே மாதிரி ஹம்மிங், வெயில் ஏறிய மதியத்தில் ஹேங் ஆவது: பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். 105 டிகிரி ரகமாக எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கும். கரண்ட் போய் வந்தால் நம்பரெல்லாம் பழைய நிலைக்குப் போகிறதா? போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. அது கசிந்து போர்டை அரிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.

எர்த்தைக் கட்டாயம் சோதியுங்கள். நியூட்ரலையே எர்த் என்று கட்டிவைத்த ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன், அது ஆளுக்கே ஆபத்து. சரியான எர்த் இல்லாமல், சித்திரை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் போர்ட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தால், அந்த மாடலுக்குக் கார்டும் கிடைக்கவில்லை என்றால், அப்போது புதிது வாங்குவதே சரி.

வாங்கினாலும் ஒயரிங்கையும் போன்களையும் கழற்ற வேண்டியதில்லை. அனலாக் போர்ட் உள்ள கேட்வே (பழைய போனைப் புதிய பெட்டிக்கு இணைக்கும் கருவி) வைத்தால், பழைய போன்களே நெட்வொர்க்கில் இயங்கும் ஐபி பெட்டியோடு பேசும். பழைய பெட்டியை அணைப்பதற்கு முன் எந்த எக்ஸ்டென்ஷன் எந்த ஒயர் ஜோடியில், மணி எந்த வரிசையில் அடிக்கிறது, யாருக்கு எஸ்டிடி உண்டு என்பதை ஒரு நோட்டில் எழுதி க்ரோன் பாக்ஸ் கதவுக்குள் வைத்துவிடுங்கள்.